எண்ணூற்று முப்பது மில்லிமீட்டர்

உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தைந்து வருடமாக நிற்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்கட்டண அட்டையில் அது பத்திரமாக இருந்தது. கடைக்கு வந்துபோகும் மெக்கானிக்குகள் அவரைக் கேட்லாக் என்றார்கள். முதல் இரண்டு வருடம் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் ஒன்றைக் கவுண்டரில் வைத்தால் போதும். விரலால் ஒரு தடவு தடவி, எந்த வண்டி, எந்த வருடம், எத்தனை பல் என்று சொல்லிவிடுவார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, மூன்றாவது அடுக்கிலிருந்து சரியான பெட்டியை எடுப்பார். அதோடு பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவர் கொடுக்க மாட்டார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "இதெல்லாம் ஒரு பிளேட்டா? அந்த வண்டியில பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பார். வந்தவர் நாற்காலி இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.

அந்த வண்டி என்பது ஜப்பான்காரன் செய்த அறுநூறு சி.சி. பந்தய ரக மோட்டார் சைக்கிள். அறுநூறு என்று நான் சொல்கிறேன். அவரிடம் சொன்னால் விடமாட்டார். "ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பது. அந்த ஒரு சி.சி.யை எங்கேருந்து கொண்டு வந்தீங்க?" என்று கேட்பார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பார்சல் வந்தது. உள்ளே இருந்த கண்ணாடிகள் உடையாமலிருக்கக் கசக்கித் திணித்த காகிதங்களில் அந்த வண்டியின் விவரத்தாளும் ஒன்று. வழவழப்பான தாள், ஒரு பக்கம் படம், மறுபக்கம் எண்கள். படம் கசங்கிப் போயிருந்தது. எண்கள் நன்றாக இருந்தன. அன்று கடையில் கூட்டமில்லை, மனிதர் மயங்கிவிட்டார்.

"நாலு சிலிண்டர், வரிசையா. பதினாறு வால்வு. பிஸ்டன் அறுபத்தேழு மில்லி அகலம், ஆனா ஏறி இறங்குற தூரம் நாப்பத்திரெண்டரை மில்லிதான். அகலம் ஜாஸ்தி, ஓட்டம் கம்மி. அதனாலதான் நிமிஷத்துக்குப் பதினஞ்சாயிரம் சுத்து சுத்தினாலும் மூச்சு வாங்கல. நூத்தி இருபது குதிரை. முன்னால டிஸ்க்கு ரெண்டு, ஒவ்வொண்ணும் முந்நூத்திப் பத்து. எடை நூத்தித் தொண்ணூறு கிலோ. சீட்டு உயரம் எண்ணூத்தி முப்பது." இதை அவர் மூச்சுவிடாமல் சொல்வார். எல்லாமே மில்லிமீட்டரில்தான். சென்டிமீட்டர் என்றாலே அவருக்கு இளக்காரம், அது துணிக்கடைக்காரர் சமாச்சாரம் என்பார்.

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடவில்லை. மனைவி தையல்காரர். வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. தெருவே அவரைத் தையலம்மா என்று அழைத்தது. கேட்லாக் வேலை முடிந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, அன்றைக்குப் புதிதாய்த் தெரிந்துகொண்ட வால்வு இடைவெளியைப் பற்றி ஆரம்பித்தால், தையலம்மா "ம்" என்பார். உதட்டில் நாலு குண்டூசி இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? சில நாள் அவர் வருவது தெரிந்ததும் ஊசியை வாயில் வைத்துக்கொண்டாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்த மனிதர் இத்தனை வருடமும் ஓட்டியது கடையின் பழைய ஸ்கூட்டர். அந்த வண்டியில் ஒரு நாள் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னவர்கள் இருந்தார்கள். "நம்ம வண்டியிலதான் உட்காருவேன்" என்று பிடிவாதமாய் மறுத்துவிட்டார். இந்த வைராக்கியம்தான் பின்னால் வினையாய் முடிந்தது.

நாற்பத்தேழாவது வயதில் நேரம் வந்தது. செயினுக்கு எண்ணெய் வாங்க வந்த பல் டாக்டர் ஒருவர், தன்னிடம் அதே வண்டி இருப்பதாகவும், குனிந்து குனிந்து ஓட்டி முதுகு போய்விட்டதால் அதை விற்கப் போவதாகவும் சொன்னார். பகலெல்லாம் வாய்க்குள் குனிகிறவர், மிச்ச நேரத்தில் பெட்ரோல் டேங்க் மேல் குனிந்தால் முதுகு என்ன செய்யும்? கேட்லாக்குக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடமாய்ப் பணம் சேர்த்து வைத்தது இதற்காகத்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தார். தெருவில் உள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரும் கையைத் துடைத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். எதிர்க்கடை மெக்கானிக் முதல் வரிசையில் நின்றார். ஆறடி இரண்டங்குல ஆள், அதனால் ஏணி என்று பெயர். அவருக்கும் அந்த வண்டி மேல் ஒரு கண், இரண்டு கண்ணும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கேட்லாக் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு அதன் எண்ணைச் சொன்னார். பிறகு காலைத் தூக்கிப் போட்டு, இரண்டாம் முயற்சியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்தினார். இடது கால் கட்டைவிரல் தரையைத் தொட்டது. வலது கால் தரையைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. நூற்றுத் தொண்ணூறு கிலோவும் மெதுவாக, மரியாதையாக, வலது பக்கம் சாய ஆரம்பித்தது. கேட்லாக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, குறிப்பாகக் கால் ஓடவில்லை. ஏணி பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் டாக்டரின் கிளினிக்குக்கு அன்றே ஒரு நோயாளி போயிருப்பார்.

"அண்ணே, சீட்டு உயரம் எவ்வளவுன்னு சொல்வீங்க?" என்றார் ஏணி, வண்டியை விடாமல்.

"எண்ணூத்தி முப்பது மில்லி." பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது.

"உங்க காலு?"

கேட்லாக் தன் காலைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

டாக்டர் நல்ல மனிதர். "ரெண்டு வாரம் வச்சிருந்து பாருங்க. சரிப்படலைன்னா சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன். இவரும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்காரு" என்று ஏணியைக் காட்டினார். ஏணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்தாலும் அவர் சந்தோஷம் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று வண்டியை வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டவரும் அவர்தான். கேட்லாக் பின்னால் உட்கார்ந்து வந்தார். பின்சீட்டு உள்ளங்கை அகலம்தான் என்பது அப்போது தெரிந்தது. பத்தொன்பது வருடக் கனவின் முதல் பயணத்தை அவர் ஏணியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முடித்தார்.

தையலம்மா மெஷினை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், நிலைமை புரிந்துவிட்டது.

"உங்க கால் இருபத்தெட்டு இன்ச்" என்றார். "இருபது வருஷமா நான்தான் பேன்ட் தைக்கிறேன். ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"இது மில்லியில இருக்கு."

தையலம்மா கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். இருபது வருடமாக அந்த வீட்டில் அந்த நாடாவை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. எண்பத்து மூன்றில் விரலை வைத்துத் திருப்பினார். "முப்பத்திரண்டே முக்கால். நாலே முக்கால் இன்ச் இடிக்குது. ஊர்ல இருக்கிற நட்டு போல்ட்டையெல்லாம் அளந்தீங்களே, உங்க அளவு என்னன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

கேட்லாக் அசடு வழிய நின்றார். ஒரே கூரையின் கீழ் ஒருவர் மில்லியிலும் ஒருவர் இன்ச்சிலும் வாழ்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

முதல் வாரம் பூட்ஸில் போயிற்று. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, பூட்ஸுக்கு அடியில் இரண்டு இன்ச் ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்தார். கால் தரைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது உண்மை. ஆனால் கியர் லீவருக்கு அடியில் பூட்ஸ் நுழையவில்லை. நியூட்ரலில் உட்கார்ந்திருக்க எதற்கு நூற்றிருபது குதிரை? பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு கடைக்கும் நடந்து போனார். மூன்றாம் நாள் படியில் கால் பிசகி, ரப்பரில் ஒரு இன்ச்சைச் செதுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

ஏணி தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். ஆள் மோசமில்லை, ஆசைதான் கொஞ்சம் அதிகம். "பின் சஸ்பென்ஷன் இணைப்பை மாத்திட்டா வண்டி ஒன்றரை இன்ச் இறங்கிடும்ணே. அரை நாள் வேலை."

"முன் ஃபோர்க்கு சாய்வு இருபத்திநாலு டிகிரி" என்றார் கேட்லாக். "பின்னால இறக்கினா சாய்வு மாறும். சாய்வு மாறினா வளைவுல திரும்புற குணம் மாறும். குணம் மாறினா அது அந்த வண்டியே இல்ல."

"கீழ விழுந்து கிடந்தா மட்டும் அதே வண்டியாண்ணே?"

தாளில் உள்ள ஓர் எண்ணைக்கூடத் தொட விடமாட்டேன் என்று கேட்லாக் சாதித்துவிட்டார். ஏணி அன்று சாயங்காலமே தன் கடையில் ஒரு மூலையை ஒழித்துக் கூட்டி வைத்தார். மறுநாள் அந்த மூலைக்கு ஒரு தார்ப்பாயும் வந்தது. கவுண்டரில் நின்றால் நேரெதிரே அந்தத் தார்ப்பாய்தான் தெரியும். கேட்லாக் அந்த வாரம் இரண்டு பேருக்குத் தப்பான பிரேக் ஷூவைக் கொடுத்தார். இருபத்தைந்து வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வண்டி போய்விடும் என்ற பயம் அவர் விரல் வரைக்கும் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் தையலம்மா முற்றத்துக்கு வந்து, "அந்த சீட்டைக் கழட்டிக் கொடுங்க" என்றார்.

"உயரத்துல கை வைக்கக் கூடாது."

"உயரத்தை யாரு தொட்டா?" சீட்டை வெட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டு, உறையின் பின்களை ஒவ்வொன்றாய் நெம்பினார். "கவட்டுல துணி அதிகமா இருந்தா என்ன ஆகும்? கால் அகலும். அகன்ற காலு கீழ வர்றதுக்குள்ள பாதி நீளம் போயிடும். இந்த சீட்டு முன்பக்கம் பாருங்க, உங்க தொடை ரெண்டையும் எப்படிப் பிரிச்சு வைக்குதுன்னு. அகலம் எவ்வளவுன்னு உங்க தாள்ல போட்டிருக்கா?"

கேட்லாக் கண்ணை மூடி, தாளை மேலிருந்து கீழ்வரை மனதுக்குள் படித்தார். சீட்டு அகலம் என்று ஒரு வரி அதில் இல்லை. ஜப்பான்காரன் மறந்துவிட்டானா, தேவையில்லை என்று விட்டுவிட்டானா, அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

தையலம்மா அவரை ஸ்டூலில் உட்காரவைத்துத் தொடையை அளந்தார். சுண்ணாம்புக் கட்டியால் நுரை மெத்தையின் இருபுறமும் கோடு போட்டார். இரும்பறுக்கும் பிளேடால் முன்பக்கத்து ஓரங்களை வழித்தெடுத்தார். நடுவில் ஒரு நூலளவும் எடுக்கவில்லை. உறையைப் பிரித்து, "யாரோ அவசரத்துல தைச்சிருக்காங்க" என்று குறை சொல்லி, இரட்டைத் தையல் போட்டுத் திரும்ப மாட்டினார். சீட்டு உயரம் அதே எண்ணூற்று முப்பது. கேட்லாக் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இப்போது இரண்டு காலும் தரையைத் தொட்டன. நுனிவிரல் மட்டும். ஒரே ஒரு இன்ச் இறங்கினால் பாதத்தின் முன்பாகம் ஊன்றிவிடும். அந்த ஒரு இன்ச் வரவில்லை. நுனிவிரலில் நூற்றுத் தொண்ணூறு கிலோவை நிறுத்திவைக்க அவர் என்ன நாட்டியக்காரரா? சுவர் ஓரமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் சுவரின் சுண்ணாம்பெல்லாம் சட்டையில் வந்துவிட்டது.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம். மறுநாள் காலை டாக்டர் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தையலம்மா சீட்டின் தையலைக் கடைசியாக ஒரு முறை பார்க்க வந்தார். வண்டி கைவிட்டுப் போனாலும் தன் தையலை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அவருக்கு.

"ஏறி உட்காருங்க. கனம் ஏறினா தையல் இழுக்குதான்னு பார்க்கணும்."

கேட்லாக் உட்கார்ந்தார். தையலம்மா குனிந்து பார்த்தார், சரியாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கேட்லாக் வண்டியை நிமிர்த்தினார். பின்பக்க ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. வண்டி அடக்கமாக ஒரு இன்ச் கீழே இறங்கியது.

கேட்லாக்கின் இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றின. வண்டி அசையவில்லை. சுவர் தேவைப்படவில்லை.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கின் கடினம் எவ்வளவு என்று தெரியும், எவ்வளவு இறங்கியது என்று தெரியும். மிச்சம் வெறும் கணக்கு. அந்தக் கணக்கு அவர் அனுமதி கேட்காமலே தலைக்குள் ஓடி, புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தோடு வந்து நின்றது. "உன்னோட..." என்று வாயைத் திறந்தார்.

"என்னோட என்ன?" என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி நர்ஸிடம்கூடத் தையலம்மா சொல்ல மறுத்த எண் அது. எடை பார்க்கும் மெஷினைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர். கேட்லாக் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் எண்ணை விழுங்கினார்.

"உன்னோட தையல் நல்லா இருக்கு" என்றார்.

தையலம்மா இறங்கவில்லை. கைகளை அவர் தோளிலேயே வைத்திருந்தார். "இங்கேருந்து பார்த்தா தெரு நல்லாத் தெரியுது" என்றார். கேட்லாக்குக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடம் இந்த வண்டியை எத்தனையோ விதமாய்க் கனவு கண்டிருக்கிறார். மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறார், மழையில் ஓட்டியிருக்கிறார். ஒரு கனவிலும் பின்சீட்டில் யாரும் இருந்ததில்லை. அதை நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு என்கூடக் கடை வரைக்கும் வர்றியா?"

"இந்தத் துணியில வர முடியாது. ஒரு பேன்ட் தைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தையலம்மா உள்ளே போனார். சற்று நேரத்தில் மெஷின் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். பள்ளிச் சீருடைத் துணியில் மிச்சமானதில் தைத்த கருநீலப் பேன்ட், முழங்காலில் இரண்டு மடிப்பு. கேட்லாக் முதல் கியரைப் போட்டார். கடை வரும்வரை மற்ற ஐந்து கியர்களுக்கும் விடுமுறை. பதினைந்தாயிரம் சுற்றுச் சுற்றும் இஞ்சின் மூவாயிரத்திலேயே முனகிக்கொண்டு வந்தது. ஒரு சைக்கிள் முந்திப் போனது. முதல் சிக்னலில் பாதம் ஊன்றி நின்றார். இரண்டாவதில் நின்றார். மூன்றாவதில் இஞ்சின் சூடேறி விசிறி ஓட ஆரம்பித்தது.

"நூத்தஞ்சு டிகிரி வந்தா தானா ஓடும்" என்றார் கேட்லாக்.

"ரோட்டைப் பாருங்க" என்றார் தையலம்மா.

கடை வாசலில் டாக்டரும் ஏணியும் பேசிக்கொண்டு நின்றார்கள். ஏணியின் கையில் புதுச் சாவிவளையம். கேட்லாக் அவர்கள் முன்னால் வந்து, பிரேக் பிடித்து, இரண்டு பாதங்களையும் ஊன்றி நின்றார். பிறகு ஸ்டாண்டைத் தள்ளி வண்டியைச் சாய்த்தார். தையலம்மா இறங்கினார், பிறகு கேட்லாக் இறங்கினார். டாக்டர் சிரித்தபடி கைகொடுத்துவிட்டுப் போனார். ஏணி சாவிவளையத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்லாக்கின் சாவியை வாங்கி அதில் கோத்துக் கொடுத்துவிட்டார். ஆள் மோசமில்லை என்று முன்பே சொன்னேன்.

ஆனால் ஏணி மெக்கானிக். தையலம்மா இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு இன்ச் எழும்பியதை அவர் கண் பார்த்துவிட்டது. கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது கடை முழுக்கக் கேட்டது.

"புரிஞ்சிடுச்சுண்ணே. அக்கா உட்கார்ந்தாதான் வண்டி இறங்குது. தினமும் அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டு, அவங்க பஸ்ல திரும்பிப் போகணுமா? அக்கா எத்தனை கிலோன்னு மட்டும் சொல்லுங்க. அதே எடைக்கு மணல் மூட்டை ஒண்ணு தைச்சுக் கட்டிருவோம். நீங்க பாட்டுக்குத் தனியா எங்க வேணாலும் போகலாம்."

தையலம்மா கடைச் சுவரில் மாட்டியிருந்த பின்பார்க்கும் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது கண்ணாடியிலும் அவர் முகம் தெரிந்தது. இருபதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன.

கேட்லாக்கின் நாக்கு நுனியில் அந்த எண், புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கத்தோடு, தயாராக இருந்தது. தனியாக எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்பதும் காதில் விழுந்தது. கவுண்டரில் கிடந்த ஒரு வாஷரை எடுத்துத் துடைத்தார்.

"அந்த நம்பர் என்கிட்ட இல்ல தம்பி" என்றார்.

அந்தக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து இருபத்தைந்து வருடத்தில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. பிஸ்டன் வாங்க வந்து நின்ற ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். ஏணி நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

தையலம்மா ஹெல்மெட்டைக் கவுண்டரின் மேல் வைத்து, பஸ்ஸுக்குப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

"ஆறே கால்" என்றார் கேட்லாக்.